பேபி ஆஃப் ஜெயக்கனி

ஸ்டாஃப் நர்ஸ் ஜெயக்கனி கோபப்படக் கூடாது என்று ஓர் அரசாணை இருந்தது. சிரிக்கலாம், அளவோடு. தும்மலாம். படியேறுவதற்கும், மதினியோடு போனில் பேசுவதற்கும், மெகா சீரியல் பார்ப்பதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். கோபத்துக்கு மட்டும் அனுமதி கேட்கிற ஏற்பாடே வைக்கப்படவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. தெற்கே ஏழு மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகள் அத்தனையும் அவள் நெஞ்சின் மேல்தான் படுத்துக் கிடந்தன.

நேராக அல்ல. ஒவ்வொரு குழந்தைக்கும் அடியில் ஒரு நெஞ்சணை இருந்தது. பார்ப்பதற்கு உறை கழற்றிய சின்னத் தலையணை மாதிரி இருக்கும். தொட்டால் தோல். உள்ளே சூடு உண்டு, ஏறி இறங்குகிற மூச்சு உண்டு, ஓயாத துடிப்பு ஒன்றும் உண்டு. இந்த மூன்றும் ஜெயக்கனியின் மார்பில் கட்டிய பெல்ட்டிலிருந்து அந்தந்த நொடியே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. அவள் இங்கே ஒரு பெருமூச்சு விட்டால் ஏழு மாவட்டத்திலும் குழந்தைகள் கொஞ்சம் உயர்ந்து தாழ்ந்தன.

இதற்கு முன்னால் இருந்தது கங்காரு முறை. குறைமாசப் பிள்ளையைத் துணியில்லாமல் தாயின் வெற்று மார்பில் கவிழ்த்துப் போட்டு, தோலோடு தோல் ஒட்ட ஒரு சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். தாய் சாய்வு நாற்காலியில் கிடப்பாள். பிள்ளைக்குச் சூடு கிடைக்கும், பால் மணம் கிடைக்கும், எடை கூடும். செலவு என்று பார்த்தால் அந்தச் சேலைத் துண்டுதான். ஜெயக்கனி இருபது வருடமாக இதைத்தான் செய்தாள். முடிச்சை எங்கே போடுவது, பிள்ளையின் தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அந்த முறையில் ஒரே ஒரு குறை இருந்தது. அதற்குத் தாய் தேவைப்பட்டாள்.

தாய்க்குக் கட்டில் வேண்டும், சோறு வேண்டும், கக்கூஸ் வேண்டும். அவளைப் பார்க்க மாமியார் வருவாள். மாமியாரைச் சமாளிக்க வாட்ச்மேன் வேண்டும். இத்தனையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட நெஞ்சணைக் கம்பெனியின் திட்ட இயக்குநர் கௌதம், அமைச்சர் முன்னால் போட்டுக்காட்டிய படங்களில் தாயை ‘நிலையற்ற வெப்ப மூலம்’ என்று குறிப்பிட்டார். கூட்டத்தில் இருந்தவர்களும் ஒரு காலத்தில் நிலையற்ற வெப்ப மூலங்களிலிருந்து வந்தவர்கள்தான். யாரும் வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை.

முதலில் யாரோ ஒருத்தியின் துடிப்பைப் பதிவு செய்து வைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். சில நாள் பிள்ளைகள் ஏமாந்தன. பிறகு எடை கூடுவது நின்றது. இதை ஜெயக்கனிக்கு விளக்கிச் சொன்னவன் இசக்கிராஜா. மருத்துவக் கருவிகள் பற்றி இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்த பையன்.

“ரெக்கார்டு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் சிஸ்டர். பிள்ளைக கண்டுபிடிச்சிருதுக. அதான் உயிரோட ஒரு ஆள் வேணும்.”

“ஒரு கிலோ தேறாத பிள்ளைக்குத் தெரியுது,” என்றாள் ஜெயக்கனி. “நாலு வருஷம் படிச்ச ஒங்களுக்குத் தெரியலையாக்கும்.”

மாநிலம் முழுக்க நர்ஸ்களை நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். பின்னால் தட்டைப் போட்டு உடைத்தார்கள், பொய்யாகத் திட்டினார்கள், பாம்பு படம் காட்டினார்கள். இருபது வருடம் குறைமாசப் பிள்ளைகளோடு இருந்தவளுக்குத் தட்டு எந்த மூலைக்கு? அவளுடைய நெஞ்சுதான் அசையாமல் அடித்தது. அவளிடம் சம்மதம் கேட்டபோது எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டாள். சொன்னார்கள். வேறு எதுவும் கேட்காமல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டாள். கேட்டிருக்கலாம்.

தாய்மார்கள் சாய்ந்து கிடந்த அறையைக் காலி செய்து, இளம்பச்சை பெயிண்ட் அடித்து, அமைதி அறை என்று பெயர் வைத்து அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயே. சுவருக்கு அந்தப் பக்கம் குறைமாசக் குழந்தைகள் வார்டு. அங்கே அவள் போகக் கூடாது. பிள்ளையைப் பார்த்தால் பாசத்தில் துடிப்பு கூடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். தாய்மார்களுக்கும் அனுமதி இல்லை. தொற்று. அவர்கள் வெளியே வராந்தாவில், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, பாலைப் பீய்ச்சி எவர்சில்வர் கிண்ணத்தில் ஜன்னல் வழியாகக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் அழுவது குறைந்துவிட்டதால் நர்ஸ்களும் குறைக்கப்பட்டார்கள். நாற்பது தொட்டிலுக்கு இரண்டு பேர். அந்த இருவரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். பிள்ளையை அணையிலிருந்து எடுப்பதற்குத் தொட்டிலுக்குத் தொட்டில் மேலிடத்து உத்தரவு வேண்டும்.

இசக்கிராஜாவுக்குக் கொடுத்த பதவியின் பெயர் அமைதிக் காப்பாளர். ஜெயக்கனிக்கு ஆத்திரம் வரக்கூடிய எதுவும் அந்த அறைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. பேப்பரை முதலில் அவன் வாசித்து, அரசியலை வெட்டி, விபத்தை வெட்டி, தங்கம் விலையையும் வெட்டிக் கொடுப்பான். மிஞ்சுவது வானிலையும் கோயில் கொடை விழா விளம்பரமும். வானிலையிலும் வெயில் அதிகமிருந்தால் கொஞ்சம் குறைத்துச் சொல்வான். கூடவே இன்னொரு வேலையும் அவன் தலையில் விழுந்தது. அரசு திட்டம் என்பதால் மருத்துவமனைகளுக்குப் போகும் உத்தரவெல்லாம் நல்ல தமிழில் இருக்க வேண்டும். இயக்குநர் கௌதமுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டத்தான் வராது. அவர் ஆங்கிலத்தில் சொல்வார். இசக்கி தமிழில் அடித்து அனுப்புவான்.

ஒரு தடவை, கெட்டுப்போன பாலைக் கெடவே இல்லை என்று கேன்டீன்காரன் சாதித்தபோது ஜெயக்கனிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. நாலு வார்த்தைதான் பேசினாள். கடற்கரையோர மாவட்டம் ஒன்றில் பத்துப் பிள்ளைகள் நீலம் பாய்ந்து, ஒன்றுக்கு மூச்சுக்குழாய் வைக்க வேண்டியதாயிற்று. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தண்ணீர் குடித்தாள். யார் எதைச் சொன்னாலும் சரி என்றாள். மருத்துவமனையில் எல்லோரும் இந்த வசதியைப் புரிந்துகொண்டார்கள். அவள் லீவைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் நேரே அவளிடமே வந்து சிரித்துக்கொண்டு சொன்னார்கள். அவளும் சிரித்தாள், அளவோடு.

இந்த இடத்தில் ஆஸ்பத்திரி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கிடையாது. தாயின் பெயர்தான். பேபி ஆஃப் செல்லத்தாய், பேபி ஆஃப் ரெஜினா என்று காலில் பட்டை கட்டுவார்கள். ஆயா கதவைத் திறந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தத் தாய் எழுந்து போவாள். கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த எங்கோ தூரத்துப் பிள்ளைகளுக்கு இந்த ‘ஆஃப்’ என்னவென்று புரியவில்லை. குழந்தை யாருடைய நெஞ்சில் இருக்கிறதோ அவருடையது என்று எடுத்துக்கொண்டார்கள். விளைவாக, ஏழு மாவட்டத்திலும் எல்லாக் குழந்தைகளின் காலிலும் பேபி ஆஃப் ஜெயக்கனி என்று அச்சாகி வந்தது. திருத்தச் சொல்லி நர்ஸ்கள் எழுதிப்போட்டார்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஜெயக்கனியின் மதினி போனில், ஒரு மாப்பிள்ளையும் பிடிக்கவில்லை என்றவளுக்கு இப்போது ஊர்ப்பட்ட பிள்ளைகள் என்று கேலி செய்தாள். அந்த போனுக்கு முன் அனுமதி வாங்கியிருந்தது.

வராந்தாவில் மாடிப்படிக்குக் கீழே இருந்தவர்களில் ஒருத்தி முப்புடாதி. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். ஏழாம் மாதத்தில் வேலை செய்யும் இடத்திலேயே வலி கண்டு வந்தவள். முதல் பிள்ளை, ஆண். பிறந்தபோது தூரத்திலிருந்து காட்டினார்கள். அதன் பிறகு வராந்தாவில் தொங்கிய டிவியில்தான் பார்த்தாள். அதில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இருந்தன. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வருகிறவன் இசக்கி ஒருவன்தான் என்பதால், அவன் தலையைக் கண்டதும் எழுந்துவிடுவாள்.

“சார், எம்பிள்ளைய ஒரே ஒருக்கா எம் நெஞ்சுல போட்டுப் பாக்க விடுவாகளா?”

கேட்டுச் சொல்கிறேன் என்பான். கேட்கவும் செய்தான். அந்தத் தாயின் துடிப்பு தரச்சான்று பெற்றதா என்று இயக்குநர் திருப்பிக் கேட்டார். இதை எப்படித் தமிழில் மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், இன்னும் பதில் வரவில்லை என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் தினமும் மார்பைக் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு பகல் வேளையில் அமைதி அறையின் ஏசி நின்றுபோனது. வெக்கை தாங்காமல் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஜெயக்கனி வானிலை வாசித்துக்கொண்டிருந்தாள். அப்போது வார்டு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வார்டு ஆயா லூர்தம்மாளின் குரல் வராந்தாவில் எழுந்தது.

“பேபி ஆஃப் ஜெயக்கனி. கூட ஆம்பளை ஆள் யாரு இருக்கீக?”

ஜெயக்கனி பேப்பரை மடித்து வைத்தாள்.

நல்ல சேதி என்றால் தாயைக் கூப்பிடுவார்கள். பால் வேண்டும் என்றாலும் தாயைத்தான் கூப்பிடுவார்கள். ஆம்பளை ஆளைக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம். குறைமாசப் பிள்ளை வார்டில் ஒருநாள் வேலை பார்த்தவர்களுக்கும் அது தெரியும். வெளியே ஒருநாள் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும்.

வராந்தாவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அத்தனை பேருடைய பிள்ளையும் பேபி ஆஃப் ஜெயக்கனிதான். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி யார் யார் என்று லூர்தம்மாளின் கையைப் பிடித்தாள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிள்ளை செத்துப்போயிருந்தது. லூர்தம்மாள் காலில் கட்டியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு வர உள்ளே ஓடினாள். திரும்பி வரும்வரை அப்படியே நின்றார்கள். கடைசியில் அவள் வெளியே வந்து, தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளை யாரு என்றாள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததற்காக அழுதார்கள்.

வார்டு நர்ஸ் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். முப்புடாதி வாங்கினாள். முதல் முறையாக வாங்கினாள். துணியை விலக்கிக் கையை வைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“சூடா இருக்கு. இங்க பாருங்க, எம்பிள்ள சூடா இருக்கு. உசுரு இருக்குதுங்க.”

அமைதி அறையின் வாசலில் பெல்ட்டோடு ஜெயக்கனி வந்து நின்றாள். பின்னாலேயே இசக்கி, கையில் அவள் துடிப்பைக் காட்டும் திரையோடு. இதைத் தடுப்பதுதான் அவன் வேலை.

“அது என் சூடு, தாயி,” என்றாள் ஜெயக்கனி.

முப்புடாதி அவளைப் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“நீங்கதான் அந்த ஜெயக்கனியா?”

“ஆமா.”

“எம்பிள்ள ஒங்க நெஞ்சுலதான கெடந்துச்சு. அது உசுர விடும்போது ஒங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?”

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கடைசி நேரத்தில் அதனிடம் யாராவது இருந்தார்களா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“தெரியல தாயி,” என்றாள் ஜெயக்கனி. “எனக்கு ஒண்ணுமே தெரியல.”

பிள்ளையின் காலில் இருந்த பட்டையைக் கத்தரியால் வெட்டினாள். பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, பேபி ஆஃப் முப்புடாதி என்று பேனாவால் எழுதி அதே காலில் ஒட்டினாள். முப்புடாதி ஜாக்கெட்டை அவிழ்த்து, பிள்ளையைத் தன் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். லூர்தம்மாள் தன் சேலையால் மறைத்து நின்றாள். அந்தச் சூடு ஆறும்வரை யாரும் அவளை எழுப்பவில்லை.

இசக்கியின் கையில் இருந்த திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. ஜெயக்கனியின் துடிப்பு ஏறவே இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் வந்தவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கத்துகிறவர்களைச் சமாளிக்க அவனுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இதற்குக் கொடுக்கவில்லை.

“பிள்ளைக்கு மூச்சு நின்னப்ப மெஷின் ஏம்ல கத்தல?” என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. சற்று முன்புதான் பதிவுகளைப் பார்த்திருந்தான்.

“பிள்ளை மேல ஒட்டுற சென்சார் இருக்குல்ல சிஸ்டர். அது பிள்ளையோட துடிப்ப எடுக்கணும். பிள்ளையோடது சன்னம். அடியில இருந்து ஒங்களோடது பலமா வருது. பிள்ளையோடது நின்ன உடனே அது ஒங்களோடத எடுத்துக்கிடுச்சு. மூச்சும் அப்படித்தான். அணை ஏறி எறங்குது, மேல கெடக்கிற பிள்ளையும் ஏறி எறங்குது. தூரத்துல இருந்து பாத்தா…”

“மூச்சு விடுத மாதிரியே இருக்கும்.”

“ஆமா சிஸ்டர்.”

“எவ்வளவு நேரம் அப்படிக் கெடந்துச்சு?”

“தெரியல. பால் ஊத்தப் போனப்பதான் பாத்திருக்காங்க.”

ஜெயக்கனி தண்ணீர் குடித்தாள்.

“குறைமாசப் பிள்ளை மூச்சு விட மறந்துரும், தம்பி. மறதிதான் அது, சாவு இல்ல. உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டினா ஞாபகம் வந்துரும். முதுகத் தடவினா ஞாபகம் வந்துரும். அம்மா நெஞ்சுல கெடந்தா, மறந்த உடனே அவளுக்குத் திக்குன்னுரும். தூங்கிட்டிருந்தாலும் முழிச்சிருவா. நான் பாத்திருக்கேன். எத்தனை பேரப் பாத்திருக்கேன்.” பெல்ட்டைத் தட்டிக் காட்டினாள். “என்னைய எதுக்குல அதுக்கு அடியில போட்டீக?”

அப்போது இயக்குநர் போனில் கூப்பிட்டார். முதல் கேள்வியே அவள் துடிப்பு எவ்வளவு என்பதுதான். பச்சை என்று இசக்கி சொன்னதும் அவர் குரல் தளர்ந்தது. நடந்தது வருத்தத்துக்குரியது என்றார். ஆனால் பதிவுகளை அவரும் பார்த்திருந்தார், குழந்தை கடைசிவரை மிகவும் அமைதியாக இருந்திருக்கிறது. இறந்த பிறகும் கூட. சென்சார் விஷயத்தை அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார். சிஸ்டரிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அடுத்த காலாண்டு வரை ஏழு மாவட்டத்திலும் பிள்ளைகள் அவள் மேல் கிடக்கும். எந்தப் பிள்ளை மூச்சை மறந்தாலும் அவளுடைய துடிப்பு வந்து நின்று, ஒன்றுமில்லை என்று சொல்லும்.

தன் கூட வேலை பார்த்த, தன்னிடம் வேலை பழகிய நர்ஸ்கள் எல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஜெயக்கனி நடந்ததைப் பேசி அனுப்பினாள். பிள்ளைகளை அணையிலிருந்து எடுத்துத் தாய்மாரிடம் கொடுங்கள் என்றாள். பதில்கள் வந்தன. அழுதார்கள், கம்பெனியை அசிங்கமாகத் திட்டினார்கள். கடைசியில் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். ஆர்டர் வேண்டும் சிஸ்டர். ஆர்டர் இல்லாமல் எடுத்தால் எங்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, எடுத்த பிள்ளையைத் திரும்ப அணையில் போட வேறு ஆளைக் கொண்டுவருவார்கள்.

அதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. நடக்கக்கூடியதுதான்.

“ஆர்டர் எப்ப போடுவாரு ஒங்க ஆளு?” என்றாள்.

“ஒங்க நெஞ்சு தாறுமாறா அடிச்சா போடுவாரு. அப்பதான் எல்லா ஊருக்கும் ஒரே ஆர்டரா வரும்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. “வேண்டாம் சிஸ்டர். பெல்ட்ட அவுத்தா அணையெல்லாம் ஆறிப்போகும். இப்ப நீங்க கோபப்பட்டா பிள்ளைக தாங்காது.”

“யாருல கோபப்படப் போறா?”

எழுந்து வெளியே போனாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சாய்தளம் மாடிவரை போகும். அதில் ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். நாற்பத்தாறு வயது, சுகர் உண்டு, வெகுநாளாக ஓர் அறைக்குள் உட்கார்ந்தே இருந்த உடம்பு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக, மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டு நடந்தாள். துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், பிள்ளைகளைத் தூக்கிப் போடக் கூடாது. கோபம் தொண்டைவரை வந்துவிட்டால் நின்று, அதை விழுங்கிவிட்டு, திரும்ப நடந்தாள். இசக்கி பின்னாலேயே திரையோடு போனான். பச்சை மஞ்சளாயிற்று. ஏழு மாவட்டத்திலும் பிள்ளைகளுக்கு விக்கல் எடுத்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் சிவப்பானபோது இயக்குநர் போனில் அலறினார்.

அவள் கோபமாக இருக்கிறாளா என்று கேட்டார். நடந்துகொண்டிருக்கிறார் சார் என்றான் இசக்கி. நிறுத்து என்றார். நிற்க மாட்டேன் என்கிறார் சார் என்றான். குழந்தைகளை எடுக்கச் சொல், அணைகளை எல்லாம் ஆஃப் பண்ணச் சொல், எல்லா ஊருக்கும், உடனே, நான் திரும்பச் சொல்லும்வரை எவனும் எதையும் தொடக் கூடாது என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

இசக்கி சாய்தளத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நல்ல தமிழில், சுருக்கமாக, ஓர் உத்தரவு அடித்தான்.

‘அனைத்து மருத்துவமனைகளுக்கும். உடனடியாகக் குழந்தைகளை எடுத்து அணைக்கவும். மறு உத்தரவு வரும்வரை இந்நிலையே தொடர வேண்டும். திட்ட இயக்குநர்.’

இயக்குநருக்கு வாசித்துக் காட்டினான். அனுப்பு, அனுப்பு என்றார். அனுப்பினான்.

ஏழு மாவட்டத்திலும் நர்ஸ்கள் அதை வாசித்தார்கள். சிலர் இரண்டு முறை வாசித்தார்கள். பிறகு வராந்தாக் கதவுகளைத் திறந்தார்கள்.

பெண்கள் மாடிப்படிக்குக் கீழிருந்து, சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து, மரத்தடியிலிருந்து ஓடிவந்தார்கள். நர்ஸ்கள் முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தார்கள். சேலைத் துண்டு போதாத இடத்தில் கணவன்மார்கள் வேட்டியைக் கிழித்தார்கள். ஓர் ஊரில் பிரசவத்தோடு தாய் போய்ச் சேர்ந்த பிள்ளையை அதன் தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டான். வெகுநேரம் அசையவே இல்லை, சாமியாடிவிட்டு உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான் என்று அங்கிருந்த நர்ஸ் எழுதினாள். யாருமே வராத ஒரு பிள்ளையை இன்னொரு ஊர் நர்ஸ் தன் யூனிஃபார்முக்குள் போட்டுக்கொண்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளையும் நெஞ்சுக்கு வந்துவிட்டது என்று கடைசி ஊரிலிருந்தும் செய்தி வந்த பிறகுதான் இசக்கி தலையசைத்தான். ஜெயக்கனி சாய்தளத்தின் நடுவில் உட்கார்ந்து பெல்ட்டை அவிழ்த்தாள். காலி அணைகள் எல்லாம் நின்றன.

விசாரணைக் குழு போட்டார்கள். பெரிய மேஜை, பிஸ்கட், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைமை. ஏழு மாவட்டத்து நர்ஸ்களையும் வரிசையாகக் கூப்பிட்டு, அணைகளை நிறுத்தச் சொன்னால் குழந்தைகளை ஏன் தாய்மாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அணைக்கவும் என்று உத்தரவு வந்தது ஐயா. அணைத்தோம்.

இசக்கியைக் கேட்டார்கள். காற்புள்ளி போட விட்டுப்போயிற்று என்றான். எந்த இடத்தில் என்று தலைவர் கேட்டார். அது இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் ஐயா, நான் இன்ஜினியரிங் என்றான். அந்த வாக்கியத்தின் பொருள் என்ன என்று கேட்டு நிபுணர்கள் இருவருக்கு அனுப்பினார்கள். ஒருவர் விளக்கை அணைப்பது மாதிரி என்றார். மற்றவர் குழந்தையை நெஞ்சோடு அணைப்பது என்றார். மூன்றாவது நிபுணரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மறு உத்தரவு போடலாம் என்றால், முதல் உத்தரவின் பொருள் முடிவாகாமல் அதை ரத்து செய்ய முடியாது என்று சட்டப் பிரிவு சொல்லிவிட்டது. ஆகவே பிள்ளைகள் தாய்மார்களிடமே இருந்தன. எடை கூடிக்கொண்டிருந்தது. அது குழுவின் விசாரணை வரம்புக்குள் வரவில்லை. முப்புடாதியின் பிள்ளையும் வரவில்லை. தலைப்பு ‘உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டது’ என்பதுதான்.

கடைசியாக ஜெயக்கனியைக் கூப்பிட்டார்கள். இயக்குநர் கௌதம் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இசக்கி கதவோரம் ஒரு நாற்காலியில் இருந்தான். முன்னால் புது பெல்ட் ஒன்று பெட்டியில் இருந்தது. தலைவர் கனிவாகவே பேசினார். பதிவுகளைப் பார்த்தோம் சிஸ்டர், அந்தக் குழந்தை இறந்தபோதும், அந்தத் தாயோடு நீங்கள் பேசியபோதும் உங்கள் துடிப்பு ஒரு புள்ளிகூட நகரவில்லை, இப்படி ஒரு நெஞ்சை நாங்கள் எங்கே தேடுவோம் என்றார். சென்சாரைச் சரிசெய்துவிட்டதாகவும், அவள் கையெழுத்துப் போட்டால் மீண்டும் தொடங்கிவிடலாம் என்றும் கௌதம் சொன்னார். நடந்ததை மறந்துவிட்டு, இதே அமைதியோடு என்றார்.

ஜெயக்கனி பெல்ட்டைப் பார்த்தாள். தண்ணீர் டம்ளர் முன்னாலேயே இருந்தது. எடுக்கவில்லை.

“பிள்ளைகள்லாம் இப்ப யாருகிட்ட சார் இருக்கு?”

“அவங்கவங்க அம்மாகிட்ட,” என்றார் தலைவர். “தற்காலிகமாக.”

“எல்லாப் பிள்ளையுமா?”

“எல்லாமே.”

“ஒரு பிள்ளைகூட எம்மேல இல்லையே?”

“இல்லை சிஸ்டர். எதற்குக் கேட்கிறீர்கள்?”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

கௌதம் சலிப்போடு தன் திரையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை என்றார்.

ஜெயக்கனி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். இசக்கி எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.